ஏரிக்கரை ராஜி

இந்திராணிக்குப் பணிந்து பேச வராது. வெதுருகுப்பம் பக்கம் எங்கள் ஊரில் அதற்காக அவளைத் திட்டாதவர்கள் குறைவு. திட்டட்டும், அவளுக்கென்ன!

அவளுடைய நைனா துலுக்காணம் சாகும்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவர் போன பிறகுதான் காலனிக்காரர்களுக்கு ஏரிப் பாசனத்தின் கடைக்கோடியில் பட்டா கிடைத்தது. இந்திராணி திருச்சானூர் லாட்ஜில் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு வந்து நெல் நட்டாள். இரண்டு வருடமும் பயிர் கருகிப்போனது. இந்த முறையும் கருகினால் மறுபடி லாட்ஜ்தான். ஏரி தளும்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மடைத் தண்ணீர் ஏழு வீட்டு நிலங்களுக்கு மட்டும்.

எந்தக் காலத்திலோ ஏழு பாளையக்காரர்கள் ராஜாவை எதிர்த்துக் கிளம்பினார்களாம். அடித்துக்கொண்டு அலுத்துப்போய், எங்கள் ஏரிக்கரையில் சமாதானம் பேசி ராஜி செய்துகொண்டார்கள். அவர்கள் கத்தியைக் கீழே போட்டார்கள். ராஜா வெற்றிலைத் தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை எடுத்தவன் நிலத்துக்கு ஏரித் தண்ணீர் உண்டு. நீட்டிய தாம்பாளத்தை ராஜா பின்னால் இழுத்தால் ராஜி முறியும், ஏரி வற்றிவிடும். இன்றும் ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் அவர்கள் வழிவந்த ஏழு வீட்டு ஆண்கள் வேஷம் கட்டி இதை நடத்துகிறார்கள். காலனிக்காரர்கள் குடை பிடிக்கலாம், மேளம் அடிக்கலாம். அந்தச் சண்டையில் செத்தது யார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

இந்த வருடம் விஜயராகவன் ராஜா. ஏழு பேரும் அட்டைக் கத்திகளைப் போட்டுவிட்டு வெற்றிலை எடுத்தார்கள். மடை திறக்கும் பாலையா, அவனும் காலனிக்காரன்தான், யார் யாருக்கு எந்த முறை என்று கூவத் தொடங்கினான். அவன் முடிக்கும்வரை தாம்பாளம் நீட்டியபடியே இருக்க வேண்டும். அப்போதுதான் இந்திராணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்த கதிர் அறுவாளை உருவி அந்தக் கத்திகள்மேல் போட்டாள். அன்றைக்குச் சத்தத்தோடு விழுந்தது அது ஒன்றுதான்.

"இன்னாமே பண்றே? இது ஏழு வூட்டு மரியாதி!" விஜயராகவன் நீட்டிய தாம்பாளத்தோடு கத்தினார்.

"அன்னிக்கு ஈட்டி தூக்கிக்கினு போய் செத்தது எங்காளுங்க சாமி. ராஜி பண்ணச்சொல்லோ மட்டும் எங்களக் கூப்டல. அதான் நானே வந்துகீறேன். இஷ்டமில்லன்னா தட்ட இஸ்துக்கோங்க."

"ஐயோ, இஸ்துடாத!" என்று அலறினார் ஏழு பேரில் ஒருவரான உமாபதி. காலனிக்குத் தண்ணீர் கூடாது என்று பஞ்சாயத்து வரை போனவர் அவர்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்திராணி வெற்றிலையை எடுத்து வாயில் போட்டாள். எல்லோரும் பார்க்க நிதானமாக மென்றாள். பிறகு பாலையாவிடம் திரும்பினாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறே? கூவுண்ணா."

பாலையா விஜயராகவனைப் பார்த்தான். அவர் தாம்பாளத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் கேட்கக் கூவினான்:

"எட்டாவது மொற... எங்க நெலம்!"