இரண்டு சவேரியார்கள்

காலையில் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கு வாசலில் கட்டைவிரலை வைத்தால், இயந்திரம் "தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொல்லி, செத்துப்போன ஒருவனின் படத்தைத் திரையில் காட்டுகிறது. விரல் என்னுடையது, முகம் அவனுடையது. ஒரு மாதமாகியும் எனக்குப் பழகவில்லை. ஊரில் நான் யாரென்று யாரும் என் விரலைக் கேட்டதில்லை. இங்கே விரல் சொல்வதுதான் பேர், அதையும் தப்பாகச் சொல்கிறது.

அவன் இதே கிடங்கில் என்னோடு வேலை பார்த்த ஊர்க்காரன். அவன் பேரும் சவேரியார், என் பேரும் சவேரியார். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் கடற்கரையில் நின்று அந்தப் பேரைக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு கதவு திறக்கும். எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கையைத் தூக்க முடியாமல் ஓய்ந்துபோன புனிதர் அவர். சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். பிறகு தோண்டியெடுத்துக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். வலது கை மட்டும் ரோமுக்குப் போனது. செத்த பிறகும் இத்தனை அலைச்சல் பட்ட மனுஷன் நமக்குக் காவல் என்றால், நம் கால் ஓரிடத்தில் நிற்குமா?

ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் பஸ் பிடித்து மலாக்கா போனோம். குன்றின்மேல் கூரையில்லாத பழைய கோவில், தரையில் புனிதரைப் புதைத்திருந்த, கம்பிவலை போட்ட குழி. வெளியே நிற்கும் சிலைக்கும் வலது கை இல்லை. அவன் வலையில் முகத்தை வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தான். பட்டப்பகலில் எனக்குக் கழுத்து சில்லிட்டது.

"லேய், உள்ள ஆளே இல்ல. எனக்கு இப்படி ஆயிரக் கூடாதுலே. செத்தா முழுசா ஊருக்கு அனுப்பிரு," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அதிலிருந்து மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டில், கையில் சோற்றோடு சரிந்தான். மாரடைப்பு. மறுநாள் அலுவலகத்தில் மலாய்க்காரப் பெண்மணி என் ஃபைலை எடுத்துவைத்து, "சேவியர் மாத்தி?" என்று கேட்டார். அலுவலகத்தில் இருவருமே சேவியர்தான், அதனால் எங்கள் காகிதம் அடிக்கடி இடம் மாறும். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமா, மாத்தி, மாத்தி" என்று வேகமாகத் தலையாட்டினேன். அவர் கண் கலங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்து அப்போது எட்டு மாதம்தான். மறுநாளே என் விரல்ரேகையை மறுபடி எடுத்தார்கள்; அவன் பேரில் ஏற்றுகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வாசல் காவலில் இருக்கும், இந்த நாட்டிலேயே பிறந்து பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் செந்தூல்காரத் தமிழ் அக்காதான் சவப்பெட்டிக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மலாய்ல மாத்தின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் லா. ஐயோ, நீங்களே உங்கள சாகடிச்சிட்டீங்க! பெட்டி உங்க பேர்லதான் போகுது."

"திருத்த முடியாதாக்கா?"

"முடியும். ஆனா போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முதல்லருந்து லா. பாடி இன்னும் ஒரு மாசம் இங்கயே கிடக்கும். சில பேர இங்கயே பொதச்சிட்டாங்க."

அன்று மாலை அவன் அம்மா போனில், "எம்புள்ள மொகத்த ஒரு தடவ காட்டிருய்யா," என்று கதறினார். காகிதத்தைத் திருத்தச் சொல்லி நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. பெட்டி என் பேரில் வருகிறது, உள்ளே இருப்பது அவன் என்று என் மனைவி மரியாவிடம் மட்டும் சொன்னேன். பெட்டி கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் கோவிலுக்குத் தமிழ்ப் பூசை காணப் போனேன். அலுவலகம் அனுப்பிய தாளைப் பார்த்து சாமியார் என் பேரையும் என் அப்பா பேரையும் வாசித்து, இந்த ஆன்மா இளைப்பாற மன்றாடுவோம் என்றார். எல்லோரும் எனக்காக வேண்டினார்கள். நானும் "ஆமென்" என்றேன். அந்தக் குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மரியா பெட்டியை வாங்கி அவன் வீட்டில் சேர்த்தாள், அவன் அம்மா முகம் பார்த்துவிட்டார். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் என் பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டது, ரேஷன் கார்டில் என் பேரை அடித்துவிட்டார்கள். நான் உயிரோடிருக்கிறேன் என்று மனு எழுதினேன், அதையும் அவன் பேரில்தான் கொடுக்க முடிந்தது.

நேற்று மரியா வீடியோவில் வந்தாள். விதவைச் சான்றிதழுக்குக் கையெழுத்து கேட்டு தாலுகா அலுவலக ஆள் வந்தாராம்.

"போடலைல்ல?" என்றேன்.

"போடல," என்றாள். "பிள்ளைங்க நீங்க எப்ப வருவீங்கன்னு கேக்குதுங்க. வருவீங்க, சரி. யாரு பேர்ல வருவீங்க?"