பன்னிரண்டு கிளாம்புகளும் என் தவறும்

தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலர் என்றால் "அவர்" என்றுதான் எழுத வேண்டும் என்று தம்பியின் மனைவி சொன்னார். முயன்று பார்த்தேன். நான்கு வயது இளையவனை, நான் தூக்கி வளர்த்தவனை, "அவர்" என்று எழுதக் கை வரவில்லை. பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

தம்பி கல்கத்தா பவானிபூரில் பிறந்தான். அப்பா அங்கே ஒரு கம்பெனியில் ஆபீசர். அண்ணன்மார் போலவே தம்பியும் மேஜைக்குப் பின்னால் உட்காருவான் என்று அப்பா நினைத்திருந்தார். அவனோ ஒரு தொழிற்சாலையில் இரும்பு வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பிரிவில் சேர்ந்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். கூட வேலை பார்த்த வங்காளி அண்ணன் ஹரி தாவைச் சேர்த்துக்கொண்டு பெஹாலாவில் தகரக் கூரை போட்ட இடம் ஒன்றைப் பிடித்து மரப் பட்டறை வைத்தான். அப்பா ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. வீட்டில் அவனுக்காக வாதாடியவள் நான் ஒருத்திதான்.

பட்டறையில் அவன் பெருமைப்பட்டுக்கொண்ட பொருள் பன்னிரண்டு கிளாம்புகள். பலகைகளைப் பசை தடவி ஒட்டும்போது, பசை காயும்வரை அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி அது. நீண்ட தண்டு, அதில் நகரும் ஒரு வாய், இறுக்குவதற்கு ஒரு திருகு. பழைய இரும்புக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தது. நம் கல்கத்தா மழைக்கு இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். அவனுடைய கிளாம்பில் ஒரு பொட்டுத் துரு இருக்காது.

அப்போதுதான் பெஹாலாவில் ஒரு பள்ளிக்கூடம் நூலகத்துக்கு ஆறு நீள மேஜைகள் கேட்டது. துர்கா பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று மேஜை போய்ச் சேர வேண்டும். அப்பா அதற்குள் பிலாயில் ஓர் ஆபீசில் அவனுக்கு வேலைக்குச் சொல்லிவைத்து ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். பள்ளி திறக்கும் நாளுக்கு மறுநாள் வண்டி. மேஜை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பட்டறை நிற்கும், இல்லாவிட்டால் தம்பி பிலாய்க்குப் போக வேண்டும். இப்படித்தான் பேச்சு.

ஹரி தா ஒரு மாதம் முன்பே விஸ்வகர்மா பூஜை செய்து முடித்திருந்தார். எனக்கு அது போதவில்லை. நம் ஆயுத பூஜையை விட்டுவிடுவேனா? நவமிக்கு முந்தைய நாள், தம்பி மரம் பார்க்கப் போயிருந்த நேரத்தில், வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுபோய் அந்தப் பன்னிரண்டு கிளாம்புகளுக்கும் தலை முதல் கால் வரை தேய்த்தேன். பிறகு துணியால் ஒற்றி எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கண்ணாடி மாதிரி மின்னின.

விஜயதசமியன்று மூன்று மேஜைகளுக்கான பலகைகளை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கிளாம்பு போட்டு இறுக்கினார்கள். மறுநாள் பார்த்தால் மூன்றிலும் ஒட்டு விட்டிருந்தது. விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. தம்பி ஒரு கிளாம்பைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்தான்.

"அக்கா, எள்ளு வாசனை வருதே."

"ஆமா. பூஜைக்கு எண்ணெ போட்டேன்."

"திருகுக்கா, தண்டுக்கா?"

"எல்லாத்துக்கும்தான்."

ஹரி தா தலையில் கை வைத்துக்கொண்டார். "திதி, கிளாம்பையா குளிப்பாட்டினீங்க?" என்று, அக்கா முறை வைத்து, வங்காளியில் கேட்டார். எண்ணெய் திருகுக்கு மட்டும்தானாம். தண்டில் பட்டால் வாய் பிடி கிடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிப் பின்னால் போய்விடுமாம். அப்படித்தான் போயிருந்தது.

போதாத வேளை, தசமி கழிந்ததும் வங்காளிகள் சொல்லும் விஜயா நமஸ்காரத்தை ஹரி தாவுக்குச் சொல்லிவிட்டு வேலையையும் பார்க்கலாம் என்று அப்பா அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார். பலகையின் இடைவெளியைத் தடவிப் பார்த்தார்.

"மரம் காயலையா?"

தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமாப்பா, ஈர மரம். நான்தான் பாக்காம வாங்கிட்டேன்."

"அப்ப பெட்டியக் கட்டு."

"பள்ளிக்கூடம் தெறக்கற அன்னிக்கு மேஜை போகலேன்னா கட்டறேன். அதுவரைக்கும் விடுங்கப்பா."

அன்றிலிருந்து அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை. நல்லவேளை, அது வஜ்ஜிரப் பசை, வெந்நீருக்கு இளகும். நான் அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டேன். அவனும் ஹரி தாவும் பழைய பசையை வழித்து, உலரவைத்து, ஓரங்களை மறுபடி இழைத்தார்கள். கிளாம்புகளை என்னிடம் தள்ளினான். ரேஷன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தண்டைத் துடைத்தேன். பிறகு உலர்ந்த துணி, அதன் மேல் சுண்ணக்கட்டித் தூள், மறுபடி துணி. வாயின் முகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்தேன். திருகுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்திச் சுவரில் மாட்டினேன். கை தோல் உரிந்தது. உரியட்டும் என்று இருந்தேன்.

பள்ளி திறந்த காலை ஆறு மேஜைகளும் வண்டியில் போயின. தலைமையாசிரியை ஒரு மேஜையின் மேல் ஏறியே உட்கார்ந்து பார்த்தார். அசையவில்லை. அடுத்து வகுப்பறைகளுக்கும் அவர்களே கேட்டார்கள். அப்பா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் அப்பா சொல்லி உறவுக்குள் விஷயம் பரவிவிட்டது. கல்யாண வீடுகளில் தம்பியைக் கண்டால் "என்னப்பா, ஈர மரம் சௌக்கியமா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. பதினைந்து வருஷம் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே இலையில் உட்காருவான். எனக்குச் சோறு இறங்காது. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருமுறை சண்டையே போட்டேன். "உன்னால்னு தெரிஞ்சா அப்பா உன்னைப் பட்டறைப் பக்கம் விட்டிருப்பாரா? அப்புறம் கிளாம்பை எவன் தொடைக்கறது?" என்றான். அதன் பின் ஒவ்வொரு ஞாயிறும் போய்த் துடைத்தேன், பாங்க் உத்தியோகம் பார்த்த இந்தக் கையால்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை அவனைப் படுக்கையில் தள்ளியது. அந்த நாட்களில் ரத்தம் கொடுத்த பெஹாலா இளைஞர்களுக்கும், லேக் மார்க்கெட்டிலிருந்து வேளை தவறாமல் கஞ்சி அனுப்பிய குடும்பத்துக்கும், இன்றும் பட்டறைக் கதவைத் திறந்து வைக்கும் ஹரி தாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. ஹரி தா இந்த எண்ணெய் விஷயத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியிடம் கேட்டேன். "எல்லார்ட்டயும் சொல்லிடட்டுமாடா?"

"எதுக்குக்கா இப்ப? அப்பாவும் போயாச்சு. மேஜை நிக்குதில்ல, விடு."

அன்று விட்டேன். அவன் இருந்தவரை அவன் பேச்சைக் கேட்டேன். இனிக் கேட்பதாக இல்லை. மரம் நன்றாகக் காய்ந்த மரம். என் தம்பி மரம் பார்த்து வாங்கத் தெரிந்தவன். தவறு செய்தவள் நான்.