வாயில் மட்டும் ரம்

சர்க்கரை ஆலையில் கரும்பு ரயில் ஓட்டிய எலாதியோவை ஊரே குடிகாரன் என்றது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத்தான் உண்மை தெரியும். ரம்மை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவான், சட்டையில் கொஞ்சம் தெளித்துக்கொள்வான், பிறகு தள்ளாடிக்கொண்டே தெருவில் இறங்குவான். ஒரு சொட்டு விழுங்கமாட்டான்.

“உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்று கத்தினேன்.

“சத்தம் போடாத ஒடிலியா. எங்கப்பாவைக் கொண்டுபோன வியாதின்னு தெரிஞ்சா என் பொண்ணை எவன் கட்டுவான்? குடிகாரன் மகள்னா மாப்பிள்ளை கிடைப்பான்.”

எங்கள் ஓல்கின் மாகாணத்தில் அந்தத் தள்ளாட்ட வியாதி சில குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக விடாது. இவன் வெளியூரிலிருந்து வந்தவன், இவன் அப்பாவை இங்கே யாருக்கும் தெரியாது, அதனால் மறைக்க முடிந்தது. மகள் மைலேனிசுக்குக் கல்யாணமும் ஆயிற்று. “குடிச்சிட்டு என் வாசப்படி மிதிக்காத” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பாவி மகள்!

ஒருநாள் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “மரபணு சொல்றதை ஆர்.என்.ஏ.ங்கற சீட்டு எடுத்துட்டுப் போகும். அந்தச் சீட்டுகளைப் பிடிச்சு வழிநடத்துற புரதம் ஒண்ணு இருக்கு. உங்க குடும்பத்துல அது நீண்டுபோய், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டிகட்டியா மூளையில சேருது. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்ற சீட்டையே பிடிச்சு அழிச்சு, மரபணுவோட வாயை அடைக்கிற மருந்தை வெளிநாட்டுல சோதிக்கறாங்க. வந்தாலும், கட்டி சேர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் பலன். உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?”

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை மாமரத்தடியில் கவிழ்த்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மகள் வீட்டுக்குக் கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். “பொய் சொன்னது நான். நானே சொல்றேன்” என்று ஒற்றையாகப் போனான்.

அதற்குள் வியாதியில் அவன் நாக்கு தடித்துப்போயிருந்தது. அவன் குழறியதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு விளங்கவில்லை. “இன்னிக்குமா குடிச்சே?” என்று கதவைச் சாத்தினாள். திரும்பும் வழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அதன்பின் பேச்சும் போயிற்று.

எனக்கு ஆறவில்லை. போய் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். ஓடி வந்தாள். அவன் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள்.

“காப்பி வாசனைதான் வருது, ஒடிலியாக்கா” என்று சொல்லி விம்மி விம்மி அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குப் புகட்டக் காப்பி எடுத்து வந்தாள். அவனைப் போலவே தள்ளாடி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மறு கையிலிருந்த கோப்பை தட்டில் கடகடவென்று ஆடிற்று. எலாதியோ அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.