டம்ளரில் இறங்கிய வெள்ளை நூல்

தொண்ணூறுகளில் காரமடைப் பக்கம் செவ்வந்தி போட்டிருந்தேன். இலை பச்சையாக இருக்கும்போதே செடிகள் தலை தொங்கின. தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைத்தேன். எங்களோடு கிணற்றைப் பங்கிடும் கீழ்க்காட்டு ரங்கசாமி அண்ணன், "எம் மொறைத் தண்ணியையும் நீயே கட்டிக்க அம்மணி" என்று விட்டுக்கொடுத்தார்.

அப்படியும் வாடல் நிற்கவில்லை. பார்க்க வந்த வேளாண் அதிகாரி ஒரு தண்டை அறுத்து, டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டார். வெட்டிய இடத்திலிருந்து பால்போல் வெள்ளை நூல் மெல்ல இறங்கியது.

"பாக்டீரியா வாடல் நோய்ங்க. தண்ணி போற பக்கமெல்லாம் போயிருமுங்க."

என் காட்டில் மிஞ்சும் தண்ணீர் அண்ணனின் செவ்வந்திக்குத்தான் போகும். பக்கத்தில் நின்ற அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவரே மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை அடைத்தார்.

"வுடு அம்மணி, நாந்தானே கட்டச் சொன்னேன்."

அடுத்த வாரம் அவர் செடிகளும் தலை தொங்கின. இன்றும் ஒரு செடி வாடினால், மோட்டார் போடுமுன் என் கை டம்ளரைத் தேடுகிறது.