மேற்கே தோட்டம்

வீடு வாங்கும்போது பத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் ஒரு வரி விடாமல் படிப்பேன். சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளும் இருந்தன. கிழக்கே தெரு, வடக்கே சந்து, தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர், மேற்கே தோட்டம். தோட்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கணவரிடம் காட்டினேன். அவரும் தலையாட்டினார். மேற்கே தோட்டம் என்றால் தோட்டம் தொடங்கும் இடத்தில் நாங்கள் வாங்கியது முடிந்துவிடுகிறது என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

அந்தத் தோட்டத்துக்காகத்தான் வீட்டையே வாங்கினோம். எங்கள் மகளுக்கு இருபத்திரண்டு வயது. அதிகம் பேச மாட்டாள், நடப்பாள். காலையிலும் சாயங்காலமும் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி நடந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் வாடகைக்கு இருந்தபோது, தலைக்கு மேல் யாரோ மாவு இடிப்பதுபோல இருக்கிறது என்று கீழ்வீட்டார் சொல்லாத வாரம் கிடையாது. தெருவில் நடக்கவிட்டால் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருந்த இந்தப் பழைய வீட்டின் பின்னால் தென்னையும் எலுமிச்சையும் போக மிச்சமெல்லாம் வெறும் செம்மண். குடிவந்த சில நாட்களிலேயே அவள் காலடியில் அங்கே ஒரு பாதை விழுந்துவிட்டது.

தோட்டத்துச் சுவரை உயர்த்தலாம் என்று அளக்க ஆள் கூப்பிட்டோம். வந்த சர்வேயர் வரைபடத்தையும் எங்கள் பத்திரத்தையும் பார்த்துவிட்டு, "கொல்லைக் கதவோட உங்க இடம் முடிஞ்சுருச்சும்மா. தோட்டம் வேற உட்பிரிவு. பட்டா ஒரு பொம்பள பேர்ல இருக்கு" என்றார். மகள் அப்போது தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் போய்க் கொல்லைக் கதவில் நின்றுகொண்டேன்.

வீட்டை விற்றவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பட்டாவில் இருந்த பெயரைச் சொன்னதும், "என் தங்கச்சி" என்றார். தங்கையின் கல்யாணத்தின்போது அப்பா அந்தத் தோட்டத்தை மஞ்சக்காணியாக, அதாவது மகளுக்குப் பிறந்த வீட்டுச் சீராக, எழுதிக்கொடுத்திருக்கிறார். தங்கை புருஷன் வீடு போனாள். அண்ணன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி, பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்குத் தேங்காய் கொண்டுபோய்க் கொடுத்து, நாளடைவில் அது யாருடையது என்பதையே மறந்துவிட்டார். நாங்கள் வில்லங்கம் பார்த்ததும் வீட்டின் சர்வே எண்ணுக்கு மட்டும்தான். ஏமாற்றியவர் என்று யாரையும் சொல்ல முடியாது. அதனாலேயே எனக்குப் பயம் கூடியது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பத்திரம் எழுதியவர் ஒரு வழி சொன்னார். "ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு தோட்டத்து நம்பரையும் சேத்துருவோம். அண்ணன் கையெழுத்துப் போட்டாப் போதும். கட்டிக்குடுத்துப் போன தங்கச்சி வந்து கேக்கவா போவுது?"

நாங்கள் வாய் திறக்கும் முன்னே டிரைவர் எழுந்துவிட்டார். "அவ கேக்க மாட்டாய்யா. அதான் நான் போயிச் சொல்லணும்ங்கிறேன்."

வத்தலக்குண்டில் பஸ் மாறி, அவரோடு நாங்களும் தங்கை வீடு இருக்கும் சேவுகம்பட்டிக்குப் போனோம். அந்த அம்மாள் வீட்டு முன்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தங்கையின் கை அறுப்பதை நிறுத்தவில்லை.

"வீட்ட வித்தப்ப ஒரு வார்த்த வரும்னு பாத்தேன். வரல. இப்ப ஆளக் கூட்டிக்கிட்டு வந்திருக்க."

"உனக்குத் தெரியுமாத்தா?"

"அப்பா எழுதயில கூட இருந்தவ நான். நீ டூட்டில இருந்த. வருசா வருசம் எம் மரத்துத் தேங்காய எனக்கே கொண்டாந்து குடுத்துட்டு, எங்க மாமியா முன்னாடி என்னா பெரும பேசுவ."

டிரைவர் சிரிக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நின்றார்.

உள்ளேயிருந்து அந்த அம்மாளின் மகன் வந்தார். "அந்தப் பக்கம் இப்ப என்ன வெல போகுது தெரியுமாம்மா?"

"தெரியும். நீ போயி எல்லாருக்கும் காப்பி சொல்லிட்டு வா."

பிறகு என்னைப் பார்த்தார். "அதுல வீடு கட்டப் போறீகளா?"

"இல்லக்கா. எம் மக நடக்குறதுக்கு."

மகளைப் பற்றிச் சொன்னேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், சாமிக்கு வேண்டச் சொல்வார்கள். எனக்குப் பழகிப்போன ஒன்று. அந்த அம்மாள் இரண்டையும் செய்யவில்லை.

"மழ பெஞ்சா?"

"மழையிலயும் நடப்பா."

"தென்மூலையில தண்ணி நிக்கும். வழுக்கும். ரெண்டு வண்டி மண்ணு அடிச்சு விடுங்க."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "ஒண்ணு சொல்லிப்புடுறேன். அண்ணன் பத்திரத்துல ஓரமா சம்மதம்னு கையெழுத்துப் போடுற சோலி வேணாம். எங்கப்பா எனக்குக் குடுத்தது. நான் வித்தேன்னுதான் எழுதணும். நீங்க அண்ணனுக்குக் குடுத்ததுல எனக்கு வர வேண்டியத அவன்கிட்ட நான் வாங்கிக்கிருவேன். உங்ககிட்ட மறுபடி கேக்குறது நாயமில்ல."

மகன் ஏதோ சொல்ல வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எங்களை மடக்க அந்த அம்மாளுக்கு எல்லா வழியும் இருந்தது. எங்கள் பதற்றம் எங்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. அவர் கேட்டதோ தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதை மட்டும்.

பதிவன்று சார்பதிவாளர் நிமிர்ந்து, "விக்கிறது யாரு?" என்றார். பழக்கத்தில் டிரைவர் எழுந்தார்.

"உக்காருண்ணே" என்றார் அந்த அம்மாள். "நான்தான்."

மேசைக்கு முன்னால் போய் நின்றார். சம்மதத்தோடு விற்கிறீர்களா என்று கேட்டபோது, "ஆமா, என் எடம்" என்றார். டிரைவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தங்கையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வாங்கிக் குடு, சாப்புடுறேன்" என்று அவர் அண்ணனுக்கு முன்னால் நடந்தார்.

எங்களால் சாப்பிட உட்கார முடியவில்லை. மகளை என் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். வீட்டுக்கு வந்தபோது அவள் தோட்டத்தில் இருந்தாள். இத்தனை மாதமும் அவள் நடக்கும்போதெல்லாம், யாராவது வந்து நிறுத்திவிடுவார்களோ என்று கொல்லைக் கதவிலேயே நின்று காவல் காத்திருக்கிறேன். அன்றும் கால் அங்கேதான் போனது. ஒரு சுற்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து உலை வைத்தேன். வெளியே அவள் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.