கித்தாரைப் பிடித்த இடது கை

எதை எடுத்தாலும் எனக்கு இடது கைதான் முந்தும். பந்தியில் பரிமாறப் போனால் என் நாத்தனார், "அந்தப் பீச்சாங்கையை உள்ள வைடி, மானம் போவுது!" என்று எல்லார் முன்னாலும் கத்துவார். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அதை முந்தானைக்குள் ஒளித்தே பழகிவிட்டேன்.

நாலு பிள்ளை பெற்ற பிறகு, பக்கத்து வீட்டு யுரேசியப் பெண், எங்கள் பேச்சில் சட்டைக்காரி, ரோசாவிடம் கித்தார் கற்கப் போனேன். அவளுக்கு எங்கள் தெருத் தமிழ் அத்துப்படி.

"வலது கையாலேயே எல்லாத்தையும் வாசிக்க முடியாதா?" என்று கேட்டேன்.

ரோசா சிரித்தாள். "வலது கை தட்டினா போதும்லா. கம்பியை அழுத்திப் பாட்டைப் பிடிக்கிறது இடது கைதான்!"

விரல் நுனியெல்லாம் கொப்பளித்தது. ஆனாலும் விரல்கள் சொன்ன இடத்தில் போய் நின்றன.

நாத்தனார் மகளின் கல்யாணத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லார் நடுவிலும் வாசித்தேன். வாசலில் சீன ரிக்ஷாக்காரர்கள்கூட நின்று கேட்டார்கள். "இன்னொண்ணு வாசிங்கக்கா!" என்று ஒரே கூச்சல்.

முடித்ததும் நாத்தனார் வெற்றிலை பாக்கு நீட்டினார். அவசரத்தில் முந்தியது இடது கைதான். வெடுக்கென்று இழுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"இந்தக் கையிலயே வாங்கிக்கடி" என்று உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார்.

அதற்கப்புறம் என் முந்தானைக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று.