சைலன்சருக்குப் பூசிய கறுப்புப் பெயிண்ட்

கால் புண் ஆறிவிட்டது. என் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

என் கணவரிடம் இருப்பது யுத்த காலத்துப் பழைய மோட்டார் சைக்கிள். அதன் சைலன்சர் துருப்பிடித்துப்போனதால், பெயிண்ட் வாங்க இருவரும் லான்மடா கடைத்தெருவுக்குப் போனோம்.

“சில்வர் பெயிண்ட் அடிங்க, அதான் சூடு தாங்கும்” என்றார் கடைக்காரர்.

“தண்ணிக் குழா மாதிரி இருக்கும்” என்று இவர் முகத்தைச் சுளித்து, கதவுக்கு அடிக்கும் பளபளப்பான கறுப்புப் பெயிண்டைக் கேட்டார்.

“அவருதான் சொல்றாருல்ல?” என்றேன்.

“ஒனக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்?” என்று அதையே வாங்கிவந்து சைலன்சருக்குப் பூசினார்.

அந்த ஞாயிறு, ஆற்றோரம் இருக்கும் க்யிம்யிண்டைங்கில் ஒரு கல்யாணம். நைலான் சேலை கட்டி, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் கருகல் நாற்றம் வந்தது. குனிந்து பார்த்தால் சைலன்சர் புகைகிறது, இளகிய பெயிண்டில் ஒட்டிக்கொண்ட என் சேலை ஓரம் எரிகிறது! நான் போட்ட கூச்சலில் இவர் வண்டியை நிறுத்தினார். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பர்மியப் பெண் ஓடிவந்து, பூவோடு சேர்த்து வாளித் தண்ணீரை என் காலில் கொட்டினார். அவர் இல்லையென்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நைலான் உருகிக் கெண்டைக்காலில் ஒட்டியிருந்தது. இவரோ சைலன்சரைப் பார்த்து, “ஐயோ, பெயிண்டெல்லாம் போச்சே!” என்றார்.

இப்போது எந்தப் பெயிண்ட் வந்தாலும் முதலில் பால் டின் மூடியில் பூசிக் காயவைத்து, என் கரி அடுப்பில் வைத்துப் பார்க்கிறேன். புகைந்தால் அது வண்டிக்குப் போகாது. வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். நெருப்பைப் பற்றித் தெரியும். மூன்று வேளையும் அதன் முன்னால் நிற்பவள் நான்தானே?